மாற்று ஒன்பதரை

தெருவில் அவருக்குக் காசுக்காரர் என்று பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ பெரும்புள்ளி என்று நினைத்து மூன்று மாடி ஏறி வருவார்கள். வந்து ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் மட்டுமே உள்ள வீட்டைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்பார்கள். மனிதர் முப்பத்தோரு வருஷம் அருங்காட்சியகத்தில் காசு அறைக்குக் காவல் இருந்தவர். ராஜாக்கள் அடித்த தங்கக் காசும் வெள்ளிக் காசும் தினமும் அவர் கையில் புரண்டன. தட்டை இழுப்பார், துடைப்பார், எடை போடுவார், ஆராய்ச்சி செய்ய வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டுவார், திருப்பி வைத்துப் பூட்டுவார். அதில் ஒன்றுகூட அவர் வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. வந்ததெல்லாம் புத்தகம்.

எந்தக் காசை எந்த ராஜா அடித்தான், முன்பக்கம் என்ன உருவம், பின்பக்கம் என்ன எழுத்து, எது அசல், எது போலி என்று படம் போட்டுச் சொல்லும் தடித்தடிப் புத்தகங்கள். பழைய ஏலப் பட்டியல்கள். நடைபாதைக் கடைகளில் பொறுக்கியது, யாரோ செத்துப்போன பேராசிரியர் வீட்டிலிருந்து சுமந்து வந்தது என்று மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. காசுக்காரர் கையில் காசு கிடையாது, காசைப் பற்றிய புத்தகம்தான் உண்டு என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவள் தையல்காரம்மா. ஜன்னலோரம் மெஷின் போட்டு, ஆயத்த ஆடைக் கடையிலிருந்து வரும் திருத்த வேலைகளைச் செய்து கொடுப்பவள். அந்தப் புத்தகங்களில் ஒன்றையும் அவள் பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாம் இங்கிலீஷ்.

இரண்டு வருஷமாக அவரும் பிரிக்கவில்லை. சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். போன மாதம் மாடிப்படியில் கால் தவறி நாலு படி உருண்டார். அதோடு மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேரும் கிளம்பி இங்க வந்துடுங்க. தரைத்தளம், படி கிடையாது. ஆனா அந்தப் புத்தகமெல்லாம் வேணாம்மா. அப்பாவுக்கு ஒரு கட்டில், உனக்கு ஒரு மெஷின், அதுக்கு மேல ஒரு ஆணி அடிக்கக்கூட எங்க வீட்ல இடமில்ல."

காசுக்காரர் மறுப்பே சொல்லவில்லை. "கண்ணு தெரியாதவனுக்குப் படப் புத்தகம் எதுக்கு? நல்ல இடமாப் பாத்துக் குடுத்துடலாம்" என்றார். நல்ல இடம் என்பதை அவர் சொன்ன விதம், பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி இருந்தது.

வரனும் லேசில் அமையவில்லை. கல்லூரி நூலகர் போனிலேயே, "ஐயா, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கு, அலமாரிக்குத்தான் பஞ்சம்" என்று வைத்துவிட்டார். பழங்காசு வாங்கி விற்கிற கடைக்காரர் ஆவலாக மாடி ஏறி வந்தார். காசே இல்லை என்று தெரிந்ததும் ஏறின வேகத்தில் இறங்கினார். மகளின் தோழி ஒருத்தி, வரவேற்பறையில் அழகுக்கு வைக்க ஒரே நிறத்தில் முப்பது புத்தகம் இருந்தால் போதும் என்றாள். அதைக் கேட்டுக் காசுக்காரர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அப்போதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அருங்காட்சியகத்திலிருந்தே போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் காப்பாட்சியர் அம்மா. காசுக்காரர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் பேசினார். மெஷின் சத்தத்துக்கு நடுவில் தையல்காரம்மாவுக்குக் கடைசிப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"வாங்க வாங்க, சனிக்கிழம வாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கங்க. நான் எழுதினது எல்லாம் அதுலயே இருக்கும்மா, ஓரத்துல. என் கையெழுத்துதான்."

உள்ளே வந்தவர் முகம் சற்று வெளிறியிருந்தது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"மியூசியம் நூலகத்துக்கே எடுத்துக்கிறாங்களாம். புத்தகப் பேரையெல்லாம் ஒரு பட்டியலாப் போட்டு வைக்கச் சொன்னாங்க."

"எனக்கு எங்கங்க இங்கிலீஷ் தெரியும்?"

"எழுத்தைப் பாத்து அப்படியே வரைஞ்சுடு. சட்டைக் கழுத்து வரையறதைவிடக் கஷ்டமா அது?"

மறுநாள் திங்கட்கிழமை. மழை வருமா வராதா என்று இழுத்துக்கொண்டிருந்த புழுக்கமான காலை. காசுக்காரர் குளியலறையில் இருந்தார். கதவைத் தட்டியது மணியடி. அதுவும் பட்டப்பெயர்தான். அருங்காட்சியகம் மூடும் நேரத்தில் மணி அடிப்பது அந்த மனிதரின் வேலையாக இருந்தது. காசுக்காரரோடு ஒன்றாக ஓய்வு பெற்றவர். வழக்கமாக வாசலிலேயே சத்தமாகப் பேச ஆரம்பிப்பவர், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கிசுகிசுத்தார்.

"தங்கச்சி, அவர் எங்க?"

"குளிக்கிறாரு. ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"விஷயம் தெரியாதா? காசு அறையில களவு. புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு, எக்ஸ்ரே மாதிரி. தங்கக் காசை வச்சா உள்ள எவ்வளவு தங்கம்னு சொல்லிடுமாம். வச்சுப் பாத்தா, தட்டு தட்டா மாத்தியிருக்காங்க! அசல எடுத்துட்டு, அதே மாதிரி போலி செஞ்சு வச்சிருக்காங்க."

"யாருண்ணே?"

"அதத்தான் தேடறாங்க. பழைய ஆளுங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. என்னை ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டாங்க. மணி அடிச்சவனையே இந்தப் பாடு படுத்தினா, சாவி வச்சிருந்தவரை..." மணியடி நிறுத்திக்கொண்டார். "நான் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்லிடாத. பதறிடுவாரு. தானா வரட்டும்."

அவர் இறங்கிப் போன பிறகும் தையல்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கணவர்மேல் சந்தேகமெல்லாம் இல்லை. தெருவில் கீழே கிடந்த பேனாவை எடுத்து, அது யாருடையது என்று மூன்று கடை ஏறி விசாரித்த மனுஷன் அவர். பயம் மட்டும்தான். கண் தெரியாத மனிதரைப் படியில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்ற பயம்.

மனதை வேறு பக்கம் திருப்பலாம் என்றுதான் பட்டியல் போட உட்கார்ந்தாள். முதல் அலமாரி, மேல் தட்டு. கனமான பச்சை அட்டைப் புத்தகம். பெயரைப் பார்த்து எழுதிவிட்டு, சும்மா பிரித்தாள். பக்கம் முழுக்கத் தங்கக் காசுப் படங்கள். ஓரத்தில் பென்சிலில் தமிழ் எழுத்து. அவர் கையெழுத்து. அழுத்தமான, பக்கத்தின் பின்புறம் புடைத்துக்கொண்டு நிற்கிற எழுத்து.

மாற்று 9. தட்டு 4. ஜூன் 14.

அடுத்த படத்தின் பக்கத்தில், மாற்று 8. தட்டு 4. ஜூன் 15.

தையல்காரம்மாவுக்கு மாற்று என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருஷமாகக் கடைக்காரன் அனுப்பும் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டுக் குத்தியிருக்கும். மாற்று 9 என்றால் ஒன்பது உருப்படியை மாற்ற வேண்டும். மாற்று 12 என்றால் பன்னிரண்டு.

நாலாவது தட்டில் ஒன்பது. மறுநாள் எட்டு.

 பக்கத்தைப் புரட்டினாள். மாற்று 7. மாற்று 9. மாற்று 9½. அரைக் காசை எப்படி மாற்ற முடியும் என்று யோசிக்கிற நிதானத்தில் அவள் மனம் இல்லை. அடுத்த புத்தகம், அதற்கடுத்த புத்தகம். வெள்ளிக்காசுப் புத்தகங்களில் ஒன்றும் இல்லை. தங்கக்காசுப் புத்தகங்கள் பதினைந்திலும் இருந்தது. வருஷக்கணக்காக, ஓய்வு பெற்ற வாரம் வரைக்கும், பக்கத்தின் தலையில் வருஷமும் ஓரத்தில் தேதியும் போட்டு எழுதி வைத்திருந்தார்.

குளியலறைக் கதவு திறந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்.

"யாரு வந்தது? மணியடி குரல் மாதிரி இருந்துச்சு."

"தண்ணி வரி சீட்டுக் குடுக்க வந்தவங்க" என்றாள். வாய் தானாகப் பொய் சொன்னது.

"ம்ம்" என்றார் அவர். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அதற்கும் அவளுக்குப் பயம் வந்தது.

ஒரு பயம் உள்ளே நுழைந்துவிட்டால் உறவுக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அன்று பூராவும் ரொட்டியை வாட்டிக்கொண்டும் பருப்பைக் கிளறிக்கொண்டும் அவள் பழையதைத் தோண்டினாள். மகள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம், கேட்காமலேயே மோட்டார் வைத்த தையல் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினாரே, எப்படி? கேட்டதற்கு, "அமைஞ்சுது" என்றாரே! அந்த மாதம்தான் சைக்கிள் களவு போய்விட்டது என்றார். களவு கொடுத்தவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லையே. நாற்பது வருஷம் கூட இருந்த மனிதர் சட்டென்று அவளுக்கு அந்நியராகத் தெரிந்தார். அவர் பருப்பைத் தொட்டுத் தொட்டு ரொட்டி தின்பதைப் பார்த்தால் அழுகை வந்தது. கேட்டுவிடலாம். ஒரே கேள்விதான். நாக்கின் நுனிவரை வந்து வந்து திரும்பியது.

"சனிக்கிழம வேணாமே" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். "வேற யாருக்காவது குடுத்துடலாங்க. மியூசியத்துக்கே எதுக்கு?"

"ஏன்? அதைவிட நல்ல இடம் எது? அது பொறந்த வீடு மாதிரி."

"இல்ல, பழைய இடம்... ஏதாவது பேச்சு வரும்."

அவர் முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. "என்ன பேச்சு வரும்?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

செவ்வாய்க்கிழமை அவளாகவே பழைய பேப்பர்காரனுக்குப் போன் செய்தாள். அவன் தராசும் சாக்குமாக வந்து நின்றான். சாக்கை உதறின சத்தத்திலேயே காசுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து வந்து, கைகளை விரித்து அலமாரிக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"யாருப்பா?"

"பேப்பர் வாங்கறவங்கய்யா. அம்மா கூப்பிட்டாங்க."

"அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி, ஏதோ ஞாபகத்துல கூப்பிட்டிருப்பாங்க. நீ போயிட்டு வா." அவன் இறங்கிப் போன பிறகும் அலமாரியை விட்டு நகரவில்லை. "என் கையெழுத்து இருக்கிற புத்தகம்மா அது. சனிக்கிழம வரைக்கும் பத்திரமா வச்சிரு. ஒண்ணு குறையக் கூடாது."

இதைக் கேட்டுத்தான் அவள் முடிவுக்கு வந்தாள். இந்த மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது. செய்ததை ஒப்புக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறார். தானே கூப்பிட்டுக் கையில் கொடுக்கப் போகிறார். கண்ணும் இல்லாமல், மூன்று வேளை ஊசியும் போட்டுக்கொண்டு, எந்த அறையில் இவரை அடைத்து வைப்பார்கள்? ஊசியை யார் போடுவார்கள்? புத்தகம் போகட்டும். எழுத்து போகக் கூடாது.

சட்டை அளவு வரையும் காகிதத்தில் கோடு அழிக்க வைத்திருந்த வெள்ளை ரப்பரை எடுத்தாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் அவர் கட்டிலில் படுத்து ரேடியோ கேட்பார். அந்த நேரத்தில் அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு காலால் மெஷினை ஓடவிட்டாள். ரப்பர் தேய்க்கிற சத்தம் அந்த இரைச்சலில் அமுங்கியது. ஒரு வார்த்தை அழிய நேரம் பிடித்தது. அழுத்தி எழுதுவது அவர் பழக்கம். ஆபீசில் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதி எழுதி வந்த கை. கரி போனாலும் பள்ளம் போகவில்லை. வழவழப்பான தாள் தேய்த்த இடத்தில் மட்டும் பஞ்சு பஞ்சாக எழும்பியது. உதிர்ந்த ரப்பர்த் துகளை ஊதாமல், ஊதினால் சத்தம் கேட்குமோ என்று விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுத்து, வெட்டுத்துணிப் பைக்குள் போட்டாள். கீழே ஏதாவது வண்டி வந்து நின்றால் கால் தானாக நின்றுவிடும். படியில் யாரோ ஏறினால், இரண்டாவது மாடியைத் தாண்டி வருகிறார்களா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

புதன்கிழமை ரேடியோ திடீரென்று நின்றது.

"இந்தாம்மா."

"என்னங்க?"

"மெஷின் சும்மா ஓடுது."

அவள் காலை மெஷினிலிருந்து எடுத்தாள்.

"துணி இருந்தா ஒரு சத்தம், இல்லேன்னா ஒரு சத்தம். அரை மணி நேரமா வெறும் மெஷினை ஓட்டிக்கிட்டு இருக்க."

"எண்ணெய் போட்டேங்க. ஓட்டிப் பாக்கிறேன்."

"அரை மணி நேரமா?"

"நிறையப் போட்டுட்டேன்."

அவர் கை ரேடியோவைத் தேடியது. பிறகு ரேடியோ மறுபடி பாடியது. அவள் கடைக்காரன் அனுப்பிய துணிக்கட்டிலிருந்து ஒரு கால்சட்டையை உருவி ஊசிக்கடியில் செருகி, ஒரே தையலின்மேல் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அந்தக் கால்சட்டையை அப்புறம் பிரிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் பதினோரு புத்தகம் முடிந்தது. ஆள்காட்டி விரலில் கொப்புளம். நாலு பாக்கி. சனிக்கிழமை சாயந்திரம்தானே வருவார்கள், காலையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். காப்பாட்சியர் அம்மா காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு பை, கழுத்தில் அடையாள அட்டை. தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு மனம் மாறிக் கேட்டு வாங்கிக் குடித்தார். காசுக்காரர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, இண்டர்வியூவுக்கு வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, போன்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லிடறேன். அம்மாவும் கேக்கட்டும்" என்றார் காப்பாட்சியர்.

"அவளுக்குத் தெரியாதும்மா. பயந்துடுவான்னு நான் சொல்லல."

தையல்காரம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"தங்கக் காசு இருவத்தாறு, போலின்னு இப்பத் தெரிஞ்சிருக்கு" என்று காப்பாட்சியர் அவள் பக்கம் திரும்பினார். "எப்ப மாத்தினாங்கன்னு தெரியல. எங்க ரெஜிஸ்டர்ல எடை மட்டும்தான் இருக்கு. போலியையும் அதே எடையில செஞ்சிருக்காங்க, அதனால அது உதவாது. சாவி வச்சிருந்தவர்னு ஐயா மேலதான் முதல் சந்தேகம், மறைக்கல. நான் போன் பண்ணினப்ப ஐயா சொன்னாரு, அவர் சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு காசையும் நூல்ல கட்டி, காத்துல ஒரு எடை, தண்ணியில முக்கி ஒரு எடை போட்டு, தங்கம் எவ்வளவுன்னு கணக்குப் பண்ணி வச்சிருக்கேன்னு. அதுவும் தேதியோட. அந்த இருவத்தாறும் ஐயா ஓய்வு பெறும்போது நல்ல தங்கமா இருந்திருந்தா, மாத்தினது அதுக்கப்புறம்தான். ஐயாவுக்குச் சம்பந்தமே இல்லேன்னு ஆயிடும்."

"யாரும் செய்யச் சொல்லல" என்றார் காசுக்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு. "ரெஜிஸ்டர்ல எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. அதான் நம்ம புத்தகத்துலயே, அந்தந்தக் காசு படத்துக்குப் பக்கத்துல, தட்டு நம்பரும் மாத்தும் எழுதி வச்சேன்."

"என்ன எழுதினீங்க?" தையல்காரம்மாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"மாத்தும்மா. தங்கத்தோட தரம். இப்ப எல்லாம் கேரட்னு சொல்றாங்க. பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்றதில்லையா, அந்த மாத்து. எழுதறப்ப மாற்று."

பத்தரை மாத்துத் தங்கம். மருமகனைப் பற்றி யார் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்வாள். நூறு தடவை சொல்லியிருப்பாள். அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. ஒன்பதரை. அரைக் காசு இல்லை. ஒன்பதரை மாற்று. அவள் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"பச்சை அட்டை, மேல் தட்டு, முதல் புத்தகம். நாப்பத்தி ரெண்டாம் பக்கம் பாருங்க" என்றார் காசுக்காரர். குரலில் நாலு நாளாக இல்லாத தெம்பு இருந்தது.

காப்பாட்சியர் புரட்டினார். நாற்பத்து இரண்டு. நாற்பத்து மூன்று. முன்னால் போனார், பின்னால் வந்தார்.

"ஐயா, இதுல ஒண்ணும் இல்லையே."

"இருக்கும்மா. வலது ஓரம்."

"இல்ல ஐயா."

"இங்க குடுங்க."

புத்தகத்தை மடியில் வாங்கிக்கொண்டார். விரல் பக்கத்தின் ஓரத்தில் இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி மேலே போய், மெதுவாக இறங்கியது. பஞ்சு எழும்பிய இடத்தை விரல் தடவுவதைத் தையல்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். துகள் ஒன்று அவர் நகத்தில் ஒட்டியது. அதை உருட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மெஷின் இருக்கிற பக்கம் திரும்பியது. துணி இல்லாமல் ஓடிய மெஷின் பக்கம்.

"பென்சில் எழுத்து பாருங்க" என்றார் காப்பாட்சியரிடம். "நாள்பட்டா மங்கிடும்."

"மங்கினது மாதிரி இல்லையே ஐயா. தேய்ச்சு அழிச்ச மாதிரி இருக்கு. அதுவும் புதுசா." காப்பாட்சியரின் குரல் மாறிவிட்டது. அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். "எல்லாத்துலயும் அழிச்சிருக்கு. நான் போன் பண்ணினதுக்கு அப்புறம் அழிச்சிருக்கு. ஐயா, இதை நான் எப்படி எடுத்துக்கிறது? கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைக்கணுமோ நினைக்கட்டும்மா" என்றார் காசுக்காரர். "வீட்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான்..."

அவர் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் முடிந்தது கதை. தையல்காரம்மாவுக்கு அந்த நாலு நாளில் இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகும்படி ஒரு பயம் இப்போது வந்தது. இவர் செய்யாததை இவர்மேல் தானே கொண்டுவந்து கட்டிவிட்டோம். அதையும் இவர் தூக்கிக்கொள்ளப் போகிறார்.

"நான்தான் அழிச்சேன்" என்றாள். "அவருக்குத் தெரியாது. மாத்துன்னு எழுதியிருந்துச்சு. மாத்தினதுன்னு நினைச்சுட்டேன். எனக்குத் துணியில மாத்தறதுதாங்க தெரியும்."

கடைக்காரன் துணிக்கட்டில் குத்தியிருந்த சீட்டைப் பிடுங்கிக் காப்பாட்சியர் கையில் திணித்தாள். மாற்று 9. காப்பாட்சியர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் விரல் கொப்புளத்தைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"பென்சில் கரிதான் போச்சு" என்று தையல்காரம்மா அவசரமாகச் சொன்னாள். "பள்ளம் போகல. துணியில கோடு தெரியாட்டி, சுண்ணக்கட்டியைப் படுக்க வச்சு லேசா ஒரு தேய்ப்புத் தேய்ப்போம், அடியில இருக்கிறது தெரிஞ்சிடும்..." மெஷின் இழுப்பறையிலிருந்து நீலச் சுண்ணக்கட்டியை எடுத்தேவிட்டாள்.

"ஐயோ, வேணாம்மா! இதுக்கு மேல எதையும் தேய்க்காதீங்க!" காப்பாட்சியர் பையிலிருந்து டார்ச்சை எடுத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். புத்தகத்தை மேஜையில் வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில், தாளோடு தாளாகப் படும்படி சாய்த்துப் பிடித்தார். வெறும் வெள்ளையாக இருந்த ஓரத்தில் நிழல் எழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாக, கோணல் இல்லாமல். அவர் சத்தமாகப் படித்தார்.

"மாற்று ஒன்பதரை. தட்டு நாலு. ஜூலை ரெண்டு."

"கார்பன் வச்சு எழுதின கை" என்றார் காசுக்காரர்.

பதினைந்து புத்தகங்களையும் காப்பாட்சியர் தனியே கட்டினார். அழியாத நாலை மேலே வைத்தார். நடந்ததைத் தையல்காரம்மா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "படிக்க முடியுது, அதுவரைக்கும் நல்லது. ஆனா விசாரணைக்கு உங்களையும் கூப்பிடுவாங்கம்மா. இப்பச் சொன்னதை அப்படியே சொல்லணும்" என்றார். மற்றப் புத்தகங்களை இரண்டு பேர் வந்து பத்து நடையாக இறக்கினார்கள். சுவரில் புத்தகங்கள் மறைத்திருந்த இடம் மட்டும் நிறம் மாறாமல் பளிச்சென்று தெரிந்தது.

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் அடங்கியது.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "மணியடி வந்தப்பவே நானும் சொல்லியிருக்கணும். நீ தண்ணி வரின்ன. சரி, உனக்குத் தெரியாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"சைக்கிள் என்ன ஆச்சு?"

"எந்த சைக்கிள்?"

"மெஷின் வாங்கின மாசம் களவு போச்சுன்னீங்களே."

"அதுவா?" மனிதர் நெளிந்தார். "அதைக் குடுத்துத்தான் மெஷின் எடுத்தேன். சொன்னா நீ வேணாம்ப."

அவள் அழுதுவிட்டாள். பதினாறு வருஷம் அவர் வேலைக்கு நடந்து போனதை, உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவரே அவளை நம்பவைத்திருந்தார். அவர் அவள் கையைத் தேடி எடுத்து, விரல் நுனியில் இருந்த கொப்புளத்தைத் தொட்டார்.

"ஒருவேள நான் எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தாலும்னுதானே உக்காந்து அழிச்சேன்?"

 வெளியே ஒருவழியாக மழை பிடித்துக்கொண்டது. பிறகு அவள் கையை விட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

"மெஷினை ஓட்டு. துணி வச்சு ஓட்டு. நாலு நாளா அந்த வெறும் சத்தம் கேட்டுச் சலிச்சுப் போச்சு."

அவள் எழுந்து போய் உட்கார்ந்தாள். கடைக்காரன் கட்டைப் பிரித்து, முதல் சட்டையை எடுத்து உதறி, ஊசிக்கடியில் வைத்தாள்.